புள்ளியில்லாத படம்

புது கிராபிக்ஸ் கார்டை வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் ஒருவழியாக ஏற்றுக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அப்பா சமையலறை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். எங்கள் வீட்டில் அம்மாவைக் கூப்பிட அதுதான் வழி. அம்மாவுக்குக் காது கேட்காது. மெதுவாக ஒருமுறை அணைத்துப் போட்டால் இங்கே பார் என்று அர்த்தம். அன்றைக்கு அப்பா போட்ட வேகத்துக்கு வீடு தீப்பற்றி எரிகிறது என்றுதான் அர்த்தம். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு ஈரக் கையோடு ஓடிவந்தாள். நானும் காயப்போட எடுத்த துணியைத் தோளில் போட்டபடியே ஓடினேன். முன்னறையில் அப்பா திரையைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளையைப் போல நின்றார். செட்டிங்ஸ் பெட்டிக்குள் ‘ஜிபியு ஆக்ஸிலரேஷன்’ என்ற, வேலையைக் கார்டிடம் தள்ளும் வரி, இத்தனை நாளும் சாம்பல் நிறத்தில் தொட்டாலும் அசையாமல் கிடந்தது, இப்போது நல்ல கறுப்பில் தெரிந்தது.

“எடுத்துக்கிச்சு பாப்பா! எடுத்துக்கிச்சு! அம்மாகிட்ட சொல்லு.”

சொன்னேன். அம்மா திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். அதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். “இதுக்கா இந்தக் கூத்து, பருப்பு தீஞ்சிருக்கும்னு சொல்றாங்க.”

அப்பாவின் குஷிக்குக் காரணம் இருந்தது. கடைக்காரர் “எதுல வேணா போடுங்க சார், பறக்கும்” என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து கொடுத்த கார்டு அது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால், சாப்ட்வேர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இந்தக் கார்டை எனக்குத் தெரியாது என்பதையே சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, எல்லா வேலையையும் பழையபடி பிராசசரின் தலையில் கட்டியது. சாப்ட்வேரைப் புதிதாக்கினால் அதற்கு விண்டோஸ் பழசாக இருந்தது. விண்டோஸை மாற்றினால் கார்டின் டிரைவர் பழசு. டிரைவரை மாற்றினால் திரையே கறுப்பாகிவிட்டது. கல்யாணப் பேச்சில் பிடிகொடுக்காத சம்பந்தியைப் போல அது ஒவ்வொரு நாளும் ஒரு குறை சொன்னது, அப்பாவும் ஒவ்வொரு நாளும் ஒரு குறையைத் தீர்த்துவைத்தார். நடுவில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனபோதுகூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

இத்தனையும் அம்மாவின் ஒரு சின்ன வீடியோவுக்காக. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. அம்மா படித்ததும் அங்கேதான், விடுதியில் தங்கி. அம்மாவோடு ஒரே கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்து வளர்ந்த சிநேகிதி ஒருத்தி இப்போது அங்கே டீச்சர். அவருக்கும் காது கேட்காது. புதிதாக விடுதிக்கு வரும் சின்னப் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க அழுகிறார்கள், சைகையும் சரியாகத் தெரியாமல், ஏன் இங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்கவும் தெரியாமல் அழுகிறார்கள், அவர்களுக்கென்று சைகையிலேயே ஒரு கதை சொல்லி அனுப்பு என்று டீச்சர் அம்மாவைக் கேட்டிருந்தார். நன்றாக வந்தால் அம்மாவே தொடர்ந்து கதைகள் சொல்லலாம். அம்மா பல நாள் யோசித்து ஒரு கதை கட்டினாள். கூட்டிலிருந்து அடுத்த தோட்டத்தில் விழுந்துவிட்ட குஞ்சுப் பறவையின் கதை. குஞ்சு அங்கேயே நடக்கப் பழகுகிறது, கொத்தித் தின்னப் பழகுகிறது, சிறகடிக்கப் பழகுகிறது. ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்கிறது. மரத்தின் மேல் தாய்ப்பறவை காத்திருக்கிறது. வெயிலில் பார்க்கிறது, காத்திருக்கிறது. மழையில் பார்க்கிறது, காத்திருக்கிறது. கதை அவ்வளவுதான். அம்மா சின்ன வயதில் அந்த விடுதி ஜன்னலோரம் நின்று என்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மாவுக்கு ஷூட்டிங் விளக்கு ஆகாது. அந்த வெளிச்சத்தில் கண்ணில் நீர் வழியும், முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் சைகையின் பாதி பேச்சு போய்விடும். அதனால் மாடி அறையில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தார்கள். அன்றைக்கென்று வானம் மூடிக்கொண்டிருந்தது. மங்கலான இடத்தையும் வெளிச்சமாகக் காட்ட அப்பா கேமராவின் ஐஎஸ்ஓவை ஏற்றி ஏற்றிச் சமாளித்தார். படம் வந்தபோது அம்மாவின் முகத்திலும் பின்னால் இருந்த சுவரிலும் மணலை அள்ளித் தூவியதுபோல் புள்ளி. ஊரில் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களைப் பளிங்கு மாதிரி எடுத்துக்கொடுத்த மனுஷன், சொந்தப் பெண்டாட்டியின் படம் இப்படி வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. புள்ளியைத் துடைக்கும் எஃபெக்ட் ஒன்று அவருடைய சாப்ட்வேரிலேயே இருந்தது. ஆனால் அது கார்டின் ஆக்ஸிலரேஷன் இருந்தால்தான் ஓடும். பழைய கார்டுக்கு அந்தத் தெம்பு இல்லை. புதுக் கார்டு வாங்கியதன் கதை இதுதான்.

“எப்படித் துடைக்குது தெரியுமா?” என்று அன்றைக்கு என்னை நாற்காலியில் உட்கார வைத்து விளக்கினார். “ஒரு படத்தை எடுத்துக்கும். அதுக்கு முன்னாடி நாலு படம், பின்னாடி நாலு படம் வச்சு ஒத்துப் பார்க்கும். எது இருந்த இடத்துலயே இருக்கோ அது நெசம். எது வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே இருக்கோ அது அழுக்கு. அதை அப்படியே தொடைச்சி எடுத்துரும்.”

திரையில் அம்மாவின் முகத்தை நிறுத்தி வைத்திருந்தார். உண்மையிலேயே ஒரு புள்ளி இல்லை. நெற்றியோரத்து நரைகூட மெழுகு தடவியதுபோல் அடங்கி இருந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னேன், அது பொய்யில்லை. எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் மதியத்துக்கு மேல் போயாக வேண்டும். கிளம்பிவிட்டேன். அப்பா படத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னார். அம்மாவுக்குத் தன் முகத்தைத் திரையில் பார்க்கக் கூச்சம். சரியா என்று தூரத்திலிருந்தே கேட்டிருக்கிறாள். அப்பா கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார். அனுப்பிவிட்டார்கள்.

இங்கே என் பெற்றோர் பேசிக்கொள்ளும் விதத்தைச் சொல்ல வேண்டும். அப்பாவின் சைகை முதலுதவிப் பெட்டி மாதிரி, அவசரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கும். சாப்பாடு, டீ, எங்கே, எப்போது, போதும், தலைவலி. அதற்கு மேல் என்றால் மொபைலில் எழுதிக் காட்டுவார், இல்லையென்றால் நான். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். அம்மா சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் அம்மா கையால் சொன்னது. அந்தக் கையில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது, எதிரே இருப்பவரைச் சுட்டும் ஒரு விரல்தான். அப்பாவிடம் சொல்லும்போது ‘ங்க’ போட்டு மரியாதை சேர்ப்பது என் கைங்கரியம். சண்டையின்போது காரத்தையும் கொஞ்சம் குறைத்துவிடுவேன். மற்றபடி இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராகத்தான் இருந்தார்கள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வார லீவான புதன்கிழமை மதியம் டீச்சர் வீடியோ காலில் வந்தார். மொபைலைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா இரண்டு கையாலும் நலம் விசாரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. கதையை ஏன் மாற்றினாய் என்று கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. டீச்சர் மெதுவாகச் சொன்னார். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன், புதிதாக வந்த ஒரு பெண் குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்து, அந்த அம்மா ஏன் விட்டுவிட்டாள் என்று கேட்டது, அதற்கப்புறம் ஒருத்தரும் சாப்பிட வரவில்லை.

அம்மா நேராக முன்னறைக்குப் போனாள். அப்பா வேறொரு கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா திரையைத் தட்டி, தன் நெஞ்சைத் தட்டி, என் படத்தைப் போடு என்றாள். அதைப் புரிந்துகொள்ள நான் தேவைப்படவில்லை.

படம் ஓடியது. குஞ்சு விழுந்தது, நடந்தது. கைகளின் பெரிய வீச்சுகள் எல்லாம் சுத்தமாக, பளிச்சென்று இருந்தன. குஞ்சு அண்ணாந்து பார்த்தது. அம்மாவின் இரு கைகளும் ஒரு பக்கமாக, உள்ளங்கை மேலே தெரியும்படி நெஞ்சளவில் நின்றன.

நின்றன. அதுதான் கோளாறு. அம்மா பேசும் சைகையில், கைகள் அப்படி இருக்கும்போது விரல்கள் மட்டும் மெல்ல அலைந்துகொண்டிருந்தால் காத்திருப்பது. விரல்கள் அசையாமல் கைகள் சும்மா நின்றால் விட்டாயிற்று, இனி இல்லை என்று அர்த்தம். படத்தில் அம்மாவின் விரல்கள் அசையவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மங்கலாக, மிகச் சின்னதாக இருந்த அந்த அலைவைக் கார்டு முன்னும் பின்னும் ஒத்துப் பார்த்து, நடுக்கம் என்று முடிவுகட்டி, துடைத்து எடுத்திருந்தது. வெயிலில் அண்ணாந்து பார்க்கிறது, தாய் விட்டுவிட்டாள். மழையில் பார்க்கிறது, விட்டுவிட்டாள். அம்மாவின் முகம் மட்டும் அவ்வளவு பிரியத்தோடு இருந்தது. அந்தப் பிரியமான முகத்தோடு ஒரு தாய் விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன் என்று சொல்வதை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். “எஃபெக்டு ஓவராயிடுச்சு. முழுசா ஏத்திட்டேன்ல… குறைச்சா வந்துரும். அஞ்சு நிமிஷ வேலை. அம்மாகிட்ட சொல்லு, அஞ்சு நிமிஷ வேலைன்னு.”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி அப்பாவைக் கேட்டாள். நான் அப்படியே சொன்னேன்.

“எத்தனை தடவை பார்த்தே இதை?”

அன்றைக்கு நான் மரியாதை சேர்க்கவில்லை. அப்பா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

“நெறைய தடவை. ஒவ்வொரு ஷாட்டா பார்த்தேன். புள்ளி இருக்கான்னு…”

“என் விரல் நின்னுபோனது தெரியலையா?”

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் ஏதாவது சொல்லிச் சமாளி என்று அர்த்தம், நானும் எத்தனையோ முறை சமாளித்திருக்கிறேன். அம்மா அதற்குள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அடுத்ததை அவள் மிக மெதுவாகச் சொன்னாள், ஒரு விரல்கூடத் தவறிப்போகக் கூடாது என்பதுபோல.

“ஒவ்வொரு தடவை நீ கேமராப் பையைத் தூக்கிக்கிட்டு வெளிய போறப்பவும் நான் வாசல்ல நின்னு இதைத்தானே சொல்றேன். உனக்காக இங்க இருக்கேன், காத்திருக்கேன்னு. இத்தனை வருஷமா நீ என்னத்தைப் பார்த்தே?”

அந்த வாசல் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மா இரண்டு கையையும் நெஞ்சளவில் வைத்து விரல்களை அலைய விடுவாள். அப்பா வண்டியில் உட்கார்ந்தபடி கையை ஆட்டிவிட்டுப் போவார். பதிலே சொல்லாமல் போகிறாரே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“அது…” என்றார் அப்பா. “நான் டாட்டா காட்டறாள்னுல்ல நெனச்சேன்.”

இதை அம்மாவுக்குச் சொல்ல என் கை எழவில்லை. ஆனால் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. டாட்டா என்று சொன்னபோது அப்பாவின் வலது கை, அவருக்கே தெரியாமல், காற்றில் டாட்டா காட்டிவிட்டது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் செய்வது அது. அவள் கண்ணை மூடிக்கொண்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. கத்தினாலும் கும்பிட்டாலும் போய்ச் சேராது. சின்ன வயதில் நான் அவள் இமையை விரலால் திறந்துவிட்டு, கோபமா கோபமா என்று கேட்டுச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு அருகில் போகவே பயமாக இருந்தது. அவளாகவே கண்ணைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அப்பா சொன்ன ஐந்து நிமிஷ வேலை அன்று மாலைவரை முடியவில்லை. எஃபெக்டைக் குறைத்தால் விரல் கொஞ்சம் வந்தது, புள்ளியும் கொஞ்சம் வந்தது. இன்னும் குறைத்தார். விரல் வந்தது, ஆனால் ஒரு விரலுக்குப் பின்னால் அதன் நிழல் மாதிரி இன்னொரு விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. சைகையில் ஒரு விரல் குழறினாலும் குழறல்தான். கடைசியில் எஃபெக்டை முழுவதுமாக எடுத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மல்லுக்கட்டி வாங்கிய ஆக்ஸிலரேஷன் வரியையும் போய் அணைத்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மணல் தூவிய படம் திரும்பி வந்தது. அதற்குள் அம்மாவின் விரல்கள் அலைந்துகொண்டிருந்தன.

அவர் அதை உடனே அனுப்பவில்லை. ஒவ்வொரு படமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சுண்டுவிரல் முதலில் இறங்குகிறது, பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. நான் பின்னால் நின்றேன்.

“வெயிலுக்கப்புறம் ஒண்ணு சொல்றாளே, அது என்ன பாப்பா?”

சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தில் அவருக்கு ஒத்தாசையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்கு அவர்மேல் கோபம், என்மேலும் கோபம். இவ்வளவு சுளுவாக நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததால்தானே அவர் அந்தக் கைகளைப் பார்க்கப் பழகவே இல்லை என்று தோன்றியது.

“அம்மாகிட்டயே கேளுங்க” என்றேன்.

“என்கிட்ட இப்ப பேசுவாளா?”

“தெரியலப்பா.”

அவர் எழுந்து அடுப்படி வாசல்வரை போனார். ஸ்விட்சில் கையை வைத்தார். ஆனால் விளக்கை அணைக்கவில்லை. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வந்திருப்பது அவளுக்குத் தெரியும், தரையில் நடமாட்டம் அவள் பாதத்துக்குத் தெரிந்துவிடும். திரும்பவில்லை. அப்பா திரும்பி வந்து படத்தை அனுப்பினார். வியாழக்கிழமை டீச்சரிடமிருந்து பதில் வந்தது. இப்போது சரியாக இருக்கிறது, பிள்ளைகள் மறுபடி மறுபடி போடச் சொல்கிறார்கள், அடுத்த கதை எப்போது என்று கேட்டிருந்தார். அம்மா அதை எனக்குக் காட்டினாள். அப்பாவுக்குக் காட்டச் சொல்லவில்லை. நானாக எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு மொபைலைத் திருப்பிக் கொடுத்தார், சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவருக்கு வெளியூரில் ஒரு கல்யாணம். தெரு முனையில் வேன் வந்து நின்றது. அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அந்த நேரத்தில் அம்மா வாசலுக்கு வருவாளா என்பதுதான் எனக்கு முந்தின நாளிலிருந்தே கவலை. வந்தாள். ஆனால் கைகளைக் கட்டிக்கொண்டு, விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு மௌனம் கிடையாது.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அப்பா தெருவுக்குப் போய்விட்டார், பிறகு திரும்பினார். தோளிலிருந்து பையை இறக்கிக் கேட்டின் ஓரம் வைத்தார். இரண்டு கைகளையும் ஒரு பக்கமாக நெஞ்சளவுக்குக் கொண்டுவந்தார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்தார், தப்பு என்று அவருக்கே தெரிந்து மேலே திருப்பினார். விரல்கள் அசைந்தன. மௌஸைப் பிடித்தே விறைத்துப்போன விரல்கள், சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இறங்கின. யார் யாருக்காகக் காத்திருப்பது என்று அவர் சொல்லவில்லை, அதைச் சுட்ட அவருக்குத் தெரியவில்லை. வழக்கம்போல நடுவில் நின்று பேச அம்மா என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்து நான் உள்ளே நகர்ந்துகொண்டேன். அவள் பார்க்கவில்லை. ஹாரன் மறுபடியும் அடித்தது. ஊரே கேட்கும் அந்தச் சத்தத்துக்கு அப்பா திரும்பவே இல்லை. கட்டிய கையைப் பிரிக்காமல், கண்ணையும் மூடாமல், அம்மா அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.